‘100% ஒரிஜினல் ப்ரோ!’ – ஆட்டோகிராஃப் என்று சொல்லி விற்கிறார்களே, எப்படி நம்புவது?

2023 மே 14. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவிடம் சி.எஸ்.கே. தோற்றுப்போன இரவு. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. அந்த சீசனில் சென்னையில் நடந்த கடைசி லீக் ஆட்டம் அது. தோனி தன் அணியோடு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, 73 வயது சுனில் கவாஸ்கர் வேகமாக ஓடிவந்து, போட்டிருந்த சட்டையைக் காட்டி ஆட்டோகிராஃப் கேட்டார். தோனியும் சட்டையிலேயே போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சட்டை நாளைக்கு ஏலத்துக்கு வந்தால், ‘இது தோனி கையெழுத்துதானா?’ என்று யாரும் கேட்கப் போவதில்லை. காரணம் கையெழுத்தின் அழகு இல்லை. அதைப் போடும்போது ஊரே பார்த்தது, அவ்ளோதான்.

இப்போது இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். ‘எம்.எஸ்.டி. கையெழுத்திட்ட மஞ்சள் ஜெர்சி, ஃபிரேமோடு, சான்றிதழோடு, 4,999 ரூபாய் மட்டும்’ என்று ஒரு ரீல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமென்ட்டில் ஒருவர் ‘ஒரிஜினலா?’ என்று கேட்கிறார். ‘100% ஒரிஜினல் ப்ரோ, டி.எம். பண்ணுங்க’ என்று பதில். டி.எம். செய்தால் அதே ஆளிடம் மெஸ்ஸி இருக்கிறார், கோலி இருக்கிறார், ரஜினி இருக்கிறார். எல்லாமே ஸ்டாக்கில் இருக்கிறது. சைஸ் மட்டும் சொன்னால் போதும்!

முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் பிடித்த வீரரின் கையெழுத்துப் போட்ட பேட் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள், நண்பனின் கல்யாணத்துக்கு எல்லாரும் பணம் போட்டு ஒரு ஜெர்சி வாங்கலாம் என்று நினைப்பவர்கள்தான் இந்த வலையில் அதிகம் விழக்கூடியவர்கள். அனுபவமுள்ள சேகரிப்பாளருக்குச் சந்தேகப்படத் தெரியும். நமக்கு ஆசை மட்டும்தான் தெரியும். எனவே பணம் அனுப்புவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

தன் கையெழுத்தைத் தானே கடையில் பார்த்த வீரர்

இந்த மோசடி எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்கு அமெரிக்காதான் உதாரணம். அங்கே பேஸ்பால் பந்தில் கையெழுத்து வாங்குவது பல தலைமுறைப் பழக்கம். 1990-களில் அது பெரிய வியாபாரமாகவும் ஆகிவிட்டது. டோனி க்வின் என்பவர் சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் நட்சத்திர வீரர். தன் அணியின் சொந்தக் கடையிலேயே தன் கையெழுத்து என்று சொல்லி விற்கப்படும் பொருட்களைப் பார்த்தார். அவை அவர் போட்ட கையெழுத்துகளே இல்லை. அணியே நடத்தும் கடையில் இந்தக் கதி என்றால் மற்ற கடைகளைக் கேட்கவா வேண்டும்?

ஏற்கெனவே சிகாகோ பக்கம் இதே மாதிரி ஒரு கும்பலைப் பிடித்திருந்த எஃப்.பி.ஐ., சான் டியாகோவில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் விசாரணையில் இறங்கியது. அவர்கள் செய்த வேலை சினிமா ரகம். ஜப்பானுக்குக் கையெழுத்துப் பொருட்களை ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்று ஒன்றைப் பொய்யாகத் தொடங்கி, மோசடிக்காரர்களிடமே வாடிக்கையாளராகப் போய் நின்றார்கள். சரக்கு வெளிநாட்டுக்குத்தானே போகிறது என்ற தைரியத்தில் எதிர்த்தரப்பு வாய் திறந்தது.

1999 அக்டோபரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. அந்தக் கும்பல் சந்தையில் இறக்கிய போலிகளின் மதிப்பு 10 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. இதில் முக்கியமான ‘கை’ கிரெக் மரினோ என்ற ஒருவருடையது. பேப் ரூத், மிக்கி மேன்டில் என்று இறந்துபோன ஜாம்பவான்களின் கையெழுத்தையெல்லாம் சரளமாகப் போடுவார். பின்னர் சிறைக்குப் போனார்.

இந்த வழக்கில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம்தான். பழைய வீரரின் கையெழுத்துக்குப் புதுப் பந்து பொருந்தாதே? பந்துக்கு ஷெல்லாக் வார்னிஷ் பூசிப் பழுப்பாக்கினார்கள். வார்னிஷ் வாடை காட்டிக் கொடுத்துவிடும் என்று நாய் உணவு மூட்டைக்குள் போட்டு வைத்தார்கள். பழைய புத்தகங்களில் இருக்கும் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து அதில் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் உண்மையிலேயே பழசு, கையெழுத்து மட்டும்தான் புதுசு.

அவர்கள் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பாலும் உண்டு. ஆம், அன்னை தெரசா. பேஸ்பால். கொல்கத்தாவில் தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவரிடம் யார் போய்ப் பந்தை நீட்டினார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். ஆனால் யோசிக்காமல் நம்புகிற ஆட்கள் இருந்ததால்தானே அப்படி ஒன்றைத் தயாரிக்கத் தோன்றியிருக்கிறது!

‘அதான் சர்டிஃபிகேட் இருக்கே?’

‘சர்டிஃபிகேட் ஆஃப் அதென்டிசிட்டி’, சுருக்கமாக சி.ஓ.ஏ. இது அசல்தான் என்று உறுதி சொல்லும் காகிதம். தங்க நிற பார்டர், சிவப்பு முத்திரை, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. பார்க்க நம் டிகிரி சான்றிதழை விடவே கெத்தாக இருக்கும்.

கையெழுத்தையே போலியாகப் போடத் தெரிந்தவருக்கு ஒரு சான்றிதழ் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? புல்பென் வழக்கில் போலிச் சான்றிதழ்களும் சரக்கோடு சேர்ந்தே தயாராகின. சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. அதை யார் கொடுத்தது, அவருக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள். விற்பவரே தன் பொருளுக்குத் தானே சான்றிதழ் கொடுத்தால், ‘நான் நல்லவன்’ என்று ஒருவர் தனக்குத்தானே நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொள்வது மாதிரிதான்.

பெரிய கம்பெனி கொடுத்தால் நம்பலாமா? 2022 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன் ஒரு புதிய புத்தகம் வெளியிட்டார். அவரே கைப்பட கையெழுத்திட்ட 900 பிரதிகள், ஒன்று 599 டாலர் என்று பிரபல பதிப்பகமான சைமன் அண்ட் ஷூஸ்டர் அறிவித்தது. கையெழுத்து உண்மையானது என்று பதிப்பகத் தலைவரின் கடிதம் ஒவ்வொரு பிரதியோடும் போனது. இதைவிடப் பெரிய உத்தரவாதம் என்ன வேண்டும்?

புத்தகம் கைக்கு வந்ததும் ரசிகர்கள் போட்டோ எடுத்து ஆன்லைனில் போட்டார்கள். போட்டவுடனே குட்டு உடைய ஆரம்பித்தது. ஒருவர் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்தும் வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்று. வளைவு, நீளம், சாய்வு எதிலும் மாற்றம் இல்லை. மனிதக் கையால் அது முடியாது. உங்கள் பேங்க் கையெழுத்தையே பத்து தடவை போட்டுப் பாருங்கள், பத்தும் பத்து மாதிரி இருக்கும். (அதனால்தான் பேங்கில் திருப்பி அனுப்புகிறார்கள்!)

அந்தக் கையெழுத்தைப் போட்டது ‘ஆட்டோபென்’ என்ற மெஷின். பதிவு செய்து வைத்த கையெழுத்தை நிஜப் பேனாவைப் பிடித்து அப்படியே எழுதும். அமெரிக்க அதிபர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துவது. பைடன் அதில் கையெழுத்திட்டது செல்லுமா என்று 2025-ல் பெரிய அரசியல் சண்டையே நடந்தது. டிலன் விஷயத்தில் பதிப்பகம் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைசுற்றல் பிரச்சினை இருந்ததாகவும், கொரோனா காலத்தில் கையெழுத்து நிகழ்வு நடத்த முடியவில்லை என்றும், மெஷினைப் பயன்படுத்தியது தவறு என்றும் டிலன் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே மோசடியைக் கண்டுபிடித்தது எஃப்.பி.ஐ. இல்லை, நிபுணரும் இல்லை. கையில் போனும் கொஞ்சம் சந்தேகமும் இருந்த சாதாரண வாசகர்கள்.

எல்லாப் போலியும் கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை

‘போலி’ என்றதும் இருட்டறையில் ஒருவர் உட்கார்ந்து கையெழுத்துப் பழகுவதைத்தான் கற்பனை செய்கிறோம். அது ஒரு வகைதான். பீட்டில்ஸ் இசைக்குழு உச்சத்தில் இருந்தபோது ரசிகர்களின் ஆட்டோகிராஃப் புத்தகங்கள் மலைபோலக் குவிந்தன. நால்வராலும் சமாளிக்க முடியவில்லை. அவர்களோடு ஊர் ஊராகப் போன உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நான்கு பேர் கையெழுத்தையும் தாங்களே போட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர் மேடைக்குப் பின்னாலேயே நின்று வாங்கியிருப்பார். அறுபது வருடம் பத்திரமாக வைத்திருப்பார். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. ஆனால் கையெழுத்து மட்டும் பீட்டில்ஸ் போட்டது இல்லை. சேகரிப்பு உலகில் இதற்குச் ‘செக்ரட்டேரியல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாலிவுட் நட்சத்திரங்களின் ரசிகர் தபால்களிலும் இது சர்வசாதாரணம்.

அடுத்தது அச்சடித்த கையெழுத்து. நம்மூரில் அதிகம் குழப்புவது இதுதான். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கும் பேட்டுகளில் வீரரின் கையெழுத்து ஸ்டிக்கராகவோ அச்சாகவோ வரும். அது வெறும் டிசைன். பத்து வருடம் கழித்து யாராவது அந்தப் பேட்டை ‘அவரே சைன் பண்ணியது’ என்று விற்கும்போதுதான் அது மோசடி ஆகிறது. விளம்பரத்தில் ‘சைன்டு பிரிண்ட்’, ‘ஃபேக்சிமிலி’, ‘ரீபிரிண்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் கவனியுங்கள். அது அசல் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், நாம்தான் படிக்கவில்லை.

மீதியெல்லாம் திட்டமிட்ட ஏமாற்று. ரப்பர் ஸ்டாம்ப், மேலே தாள் வைத்து இழுப்பது, பார்த்துப் பார்த்து வரைவது, கைபழகி ஒரே வீச்சில் போடுவது. 1990-களில் நியூயார்க்கில் லீ இஸ்ரேல் என்ற எழுத்தாளர் பணக் கஷ்டத்தில் டோரதி பார்க்கர், நோயல் கோவர்ட் போன்ற பிரபலங்கள் எழுதியதாகச் சுமார் 400 கடிதங்களைத் தயாரித்து விற்றார். பழைய டைப்ரைட்டர்களைத் தேடி வாங்கினார். கையெழுத்துக்கு, பழைய டிவி பெட்டியின் திரையை லைட் பாக்ஸ் ஆக்கி அதன் மேல் தாளை வைத்து இழுத்தார். அவர் எழுதிய கோவர்ட் கடிதங்களில் இரண்டு, 2007-ல் வெளிவந்த கோவர்ட்டின் கடிதத் தொகுப்புப் புத்தகத்திலேயே இடம்பிடித்துவிட்டன. இவர் கதைதான் 2018-ல் வந்த ‘கேன் யூ எவர் ஃபர்கிவ் மீ?’ படம். இப்போது டிவி பெட்டிகூட வேண்டாம். பேனா பிடித்து எழுதும் சின்ன பிளாட்டர் மெஷின்கள் மேஜை மேல் வைக்கும் அளவில் கிடைக்கின்றன.

போனை எடுங்க, ஜூம் பண்ணுங்க

பொருள் கையில் இருந்தால் முதலில் போனின் மேக்ரோ கேமராவை, அல்லது ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் சின்ன லென்ஸை எடுங்கள். கையெழுத்துக் கோட்டை ரொம்பப் பக்கத்தில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாக, நான்கு கலரில் சிதறித் தெரிந்தால் அது அச்சு. பளபளப்பான போட்டோ என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மார்க்கரால் போட்டிருந்தால் மை போட்டோவின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும், வெளிச்சம் அதில் வேறு மாதிரி மின்னும். அச்சு என்றால் படமும் கையெழுத்தும் ஒரே மாதிரி மின்னும். பால்பாயிண்ட் என்றால் காகிதத்தில் லேசான பள்ளம் விழுந்திருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும். ரப்பர் ஸ்டாம்பில் கோட்டின் இரு ஓரமும் கருப்பாகவும் நடுவில் வெளிறியும் இருப்பது வழக்கம்.

அச்சு இல்லை, நிஜ மைதான் என்று தெரிந்துவிட்டதா? இப்போது வேகத்தைப் பாருங்கள். கையெழுத்து என்பது நாம் யோசிக்காமல் செய்யும் காரியம். பேனா காகிதத்தைத் தொடும் முன்பே கை நகர ஆரம்பித்துவிடும், எடுத்த பிறகும் நகர்ந்துகொண்டிருக்கும். எனவே அசல் கையெழுத்தின் தொடக்கமும் முடிவும் ஊசி மாதிரி மெலிந்து போகும். அழுத்தும் இடத்தில் தடிப்பும், வீசும் இடத்தில் மெலிவும் இருக்கும். பார்த்து வரைபவரோ கோலத்தைப் புள்ளி வைத்துப் போடுவது போலப் போடுவார். கோடு மெதுவாக நகரும், லேசாக நடுங்கும், தேவையில்லாத இடத்தில் பேனா எடுத்து மறுபடி வைத்த தடயம் இருக்கும். ஆரம்பமும் முடிவும் மொட்டையாக நிற்கும். சில இடங்களில் மேலே திருத்தியும் இருப்பார்கள். ஆட்டோகிராஃப் போடும் எந்த நட்சத்திரமும் தன் கையெழுத்தைத் திருத்திக்கொண்டு நிற்பதில்லை, பின்னால் இருநூறு பேர் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. நடுக்கம் இருந்தாலே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். வயதானவர் கை நடுங்கும். ஓடும் பஸ் ஜன்னல் வழியாகப் போட்டது கோணலாகத்தான் இருக்கும்.

ஆட்டோபென் அதற்கு நேர் எதிர். அழுத்தம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இருக்கும். மெஷின் பேனாவை வைக்கும், எடுக்கும் இடங்களில் புள்ளி மாதிரி மை தேங்கலாம். பிடிக்க எளிய வழி டிலன் ரசிகர்கள் செய்ததுதான். அதே நபரின் வேறு கையெழுத்துப் படங்களைத் தேடி, எடிட்டிங் ஆப்பில் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மேலே இருப்பதை டிரான்ஸ்பரன்ட் ஆக்கிப் பாருங்கள். துல்லியமாகப் பொருந்தினால் சந்தோஷப்படாதீர்கள். அதுதான் கெட்ட செய்தி.

அப்புறம் காலக் கணக்கு. எனக்குப் பிடித்த பரிசோதனை இது, செலவே இல்லை. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945-ல்தான். ராமானுஜன் 1920-லும் பாரதியார் 1921-லும் இறந்துவிட்டார்கள். அவர்களின் பால்பாயிண்ட் கையெழுத்தை யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஷார்ப்பி மார்க்கர் 1964-ல் வந்தது. பைஜூஸ் லோகோ இந்திய ஜெர்சியில் ஏறியது 2019-ல், அந்த லோகோ இருக்கும் ஜெர்சியை ‘2011 உலகக் கோப்பையில் போட்டது’ என்று சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. காகிதத்துக்கும் காலம் உண்டு. வெள்ளையாகத் தெரிய வைக்கும் ஒளிரூட்டி ரசாயனங்கள் காகிதத்தில் பரவலாகச் சேர ஆரம்பித்தது 1950 வாக்கில். கள்ள நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை அடித்தால் அந்தக் காகிதம் நீலமாகப் பளிச்சிடும். 1930-ல் எழுதியதாகச் சொல்லும் கடிதம் அப்படி ஒளிர்ந்தால் அது பொய். ஒளிராவிட்டால்? அசல் என்று அர்த்தமில்லை. பழைய புத்தகத்தைக் கிழித்தவர்களைத்தான் ஏற்கெனவே பார்த்தோமே.

எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

‘கூகுளில் பார்த்தேன், அப்படியே மேட்ச் ஆகுது’ என்று பலர் திருப்தி அடைகிறார்கள். கூகுளில் வந்த படம் அசல் என்று யார் சொன்னது? அது இன்னொரு போலி விற்பனையாளரின் கேட்டலாக் படமாக இருக்கலாம். ஒரே ஆள் போட்ட இரண்டு போலிகள் நன்றாகவே பொருந்தும்.

இந்த ஒரு தவறால் உலகப் புகழ்பெற்ற பத்திரிகையே கவிழ்ந்தது. 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ வார இதழ், ஹிட்லரின் ரகசிய டைரிகள் கிடைத்துவிட்டன என்று அறிவித்தது. அதற்காகக் கொடுத்த விலை 93 லட்சம் மார்க். வெளியிடும் முன் கையெழுத்து நிபுணர்களிடம் காட்டியிருந்தார்கள், அவர்களும் ஒரே ஆள் எழுதியதுதான் என்று உறுதி செய்தார்கள். அது உண்மையும்கூட. எப்படி என்றால், ஒப்பிடுவதற்கு ‘அசல் ஹிட்லர் கையெழுத்து’ என்று கொடுத்த மாதிரிகளிலேயே போலிகள் கலந்திருந்தன. டைரியை எழுதிய அதே கொன்ராட் குயாவ்தான் அவற்றையும் எழுதியிருந்தார்! மே 6-ம் தேதி ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் உண்மையைச் சொன்னது. போருக்குப் பிறகு வந்த ரசாயனம் காகிதத்தில் இருந்தது. நீங்கள் யு.வி. டார்ச்சில் பார்க்கப்போகும் அதே சமாச்சாரம். டைரி அட்டையில் ‘ஏ.எச்.’ என்று இருக்க வேண்டிய இனிஷியல் ‘எஃப்.எச்.’ என்று இருந்ததையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளைக்கதை ஒன்று. சிறையிலிருந்து வந்த குயாவ் பிரபலமாகிவிட்டார். பெரிய ஓவியர்களின் படங்களை வரைந்து, ‘குயாவ் போலி’ என்று தன் பெயரையும் போட்டு வெளிப்படையாகவே விற்றார். அவர் இறந்த பிறகு, வேறெங்கோ வாங்கிய படங்களில் அவர் கையெழுத்தைப் போட்டு ‘ஒரிஜினல் குயாவ் போலி’ என்று விற்றதாக அவருடைய உறவினர் ஒருவருக்கு 2010-ல் தண்டனை கிடைத்தது. போலிக்கே போலி.

எனவே ஒப்பிடுவதற்கு எடுக்கும் மாதிரி எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். வீரர் கேமரா முன் போட்ட கையெழுத்து, அவரே தன் பக்கத்தில் பகிர்ந்தது, நூலகம் அல்லது ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கடிதம் என்றால் நல்லது. காலமும் பொருந்த வேண்டும். புதுமுகமாக இருந்தபோது முழுப் பெயரையும் நிதானமாக எழுதியவர், நட்சத்திரமான பிறகு இரண்டு வளைவோடு முடித்துவிடுவார். மொழிகூட மாறலாம். காந்தி தமிழில் ‘மோ.க.காந்தி’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். அவரிடம் ஆங்கிலக் கையெழுத்து மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடப் போனால் ஒன்றும் நடக்காது. (ஆட்டோகிராஃப் கேட்டவர்களிடம் ஹரிஜன நிதிக்காக ஐந்து ரூபாய் வசூலித்தவர் அவர். கையெழுத்துக்கு விலை உண்டு என்று முதலிலேயே புரிந்துகொண்டவர்!)

எழுத்தை விடுங்க, வந்த வழியைக் கேளுங்க

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாம் மட்டமான போலிகளைக் கழித்துக்கட்ட உதவும். திறமையான போலியைப் பிடிக்க உதவாது. 1997-ல் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் கைப்பட எழுதிய, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு கவிதை, உலகின் மிகப் பெரிய ஏல நிறுவனங்களில் ஒன்றான சாதபீஸில் ஏலத்துக்கு வந்தது. டிக்கின்சனின் சொந்த ஊரான ஆம்ஹர்ஸ்ட் நகரத்துப் பொது நூலகம், நன்கொடை எல்லாம் திரட்டி 21,000 டாலருக்கு ஏலம் எடுத்தது. காகிதம், பென்சில், எழுத்து எதிலும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் இதற்கு முன் இது யாரிடம் இருந்தது, அதற்கு முன் யாரிடம் என்று பின்னோக்கித் தேடிப் போனபோது, கடைசியில் மார்க் ஹாஃப்மன் என்ற பெயர் வந்து நின்றது. போலி ஆவணங்கள் செய்து, மாட்டிக்கொள்ளாமல் இருக்க 1985-ல் வெடிகுண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்று, ஆயுள் தண்டனை அனுபவித்துவரும் ஆள். நூலகம் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீட்டது.

இதை ‘ப்ரோவனன்ஸ்’ என்பார்கள். நிலம் வாங்கும்போது மூலப் பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்ப்பீர்களே, அதேதான். விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். யார் வாங்கியது? எந்த ஊரில், எந்த வருடம், எந்த நிகழ்ச்சியில்? அப்போது எடுத்த படம் இருக்கிறதா? ‘எங்க மாமா ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல வேலை பார்த்தார், அணி அங்கதான் தங்கும்’ என்பது கதை. மாமா எந்த ஹோட்டல், எந்தத் தொடர் என்று சொன்னால்தான் அதைச் சரிபார்க்க முடியும். அந்தத் தேதியில் அணி அந்த ஊரில் இருந்ததா என்று தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படம் காட்டினாலும் நிதானம் வேண்டும். நட்சத்திரம் ஒரு பேட்டில் கையெழுத்துப் போடும் படம் நிஜமாகவே இருக்கும். அந்த ஒரே படத்தை வைத்து ஐம்பது பேட் விற்பார்கள். படத்தில் இருக்கும் பேட்தான் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். கையெழுத்து எந்தக் கோணத்தில், ஸ்டிக்கரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மரத்தின் ரேகை ஓட்டம் பொருந்துகிறதா என்று ஒப்பிடலாம். ரேகை கைரேகை மாதிரி, ஒரு பேட்டில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. விற்பனைப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு மூன்று பெயரில் வேறு மூன்று விலையில் வந்தால் பேசி முடித்துவிடலாம்.

புல்பென் வழக்குக்குப் பிறகு அமெரிக்க பேஸ்பால் லீக் எடுத்த முடிவும் இதை ஒட்டித்தான் இருந்தது. கையெழுத்து போடப்பட்ட பிறகு அசலா என்று ஆராய்வதை விட்டுவிட்டு, போடும்போதே பக்கத்தில் ஒரு சாட்சியை நிறுத்தினார்கள். 2001-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மூன்றாம் தரப்பு ஆள் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும். எண்ணை இணையத்தில் போட்டால் என்ன பொருள், எந்த ஆட்டம் என்ற விவரம் வரும். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் சாட்சியோடும் சான்று தருகின்றன, பொருளைப் பின்னர் ஆராய்ந்தும் தருகின்றன. இரண்டாவது வகை என்பது நிபுணரின் கருத்துதான், நேரில் பார்த்த சாட்சியம் அல்ல. சான்றில் எது எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

ஹாலோகிராமையும் அடிக்கிறார்கள். 2025 ஜூலையில் இண்டியானா மாநிலத்தில் ஓர் ஆன்லைன் வியாபாரியின் இடத்தைப் போலீஸ் சோதனையிட்டது. பல நிறுவனங்களின் ஹாலோகிராம்களைப் போலியாக அடித்து ஒட்டியதாக அவர் பெயரில் வந்த பதிவு அமெரிக்கச் சேகரிப்பாளர்களை உலுக்கியது. அதில் சொன்ன எண்ணிக்கை மிகை என்று துறையில் பலர் மறுத்தார்கள். எப்படியானாலும், ஸ்டிக்கர் மின்னுவதைப் பார்த்துத் திருப்தி அடையாமல், சான்று கொடுத்த நிறுவனத்தின் தளத்தை நீங்களே டைப் செய்து எண்ணைச் சரிபாருங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்ய வேண்டாம். அது மோசடிக்காரர் தயாரித்த தளத்துக்கே கூட்டிப் போகலாம். எண் சரியாக வந்தாலும் அதில் உள்ள படமும் கையில் உள்ள பொருளும் ஒன்றா என்று பாருங்கள்.

பணம் அனுப்பும் முன்பும் பின்பும்

விலையைச் சொல்ல மறந்துவிட்டேனே என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். மலிவாக இருந்தால் சந்தேகப்படு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் விலை அதிகம் என்பதால் அசல் ஆகிவிடாது, 599 டாலர் டிலனே சாட்சி. எவ்வளவு விலை என்பதைவிட எத்தனை பீஸ் இருக்கிறது என்பது நல்ல கேள்வி. நட்சத்திரம் ஒருவர் கைப்பட போட்ட ஜெர்சிகள் ஒரு சின்னக் கடையில் மாதா மாதம் ஸ்டாக் வர வாய்ப்பில்லை.

பில்லில் ‘இன்னார் கைப்பட கையெழுத்திட்டது, போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்பும்’ என்று எழுதிக் கேளுங்கள். நேர்மையான வியாபாரிக்கு இதில் தயக்கம் இருக்காது. ‘ஆப்புக்கு வெளியே ஜிபே பண்ணுங்க, 500 ரூபாய் குறைச்சுக்கலாம்’ என்றால் அந்த 500 ரூபாயோடு உங்கள் பாதுகாப்பும் போகிறது. பார்சல் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். சாட், விளம்பரம், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரீல் எப்போது வேண்டுமானாலும் மறையும்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் கணக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பில் கொடுத்த கடை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம். ‘ஒரு ஜெர்சிக்காகப் போலீஸுக்குப் போவதா’ என்ற கூச்சத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

நம்மில் சிலர் செய்யும் வேலை ஒன்று உண்டு. போலி என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு ஓ.எல்.எக்ஸில் அதே விலைக்கு இன்னொருவர் தலையில் கட்டுவது. தெரிந்து விற்றால் அது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் வரும் ஏமாற்று வேலை, இந்த முறை குற்றவாளி நீங்கள். பின்பக்கம் அழியாத மையில் ‘போலி’ என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. நியூயார்க் பொது நூலகம்கூட அதைத்தான் செய்கிறது. 1930-களில் லிங்கன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையெழுத்துகளைப் போட்டு விற்ற ஜோசப் கோசி என்பவரின் போலிகளை, போலி என்றே பெயரிட்டு, தனித் தொகுப்பாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது.